செட்டா, சிரேஷ்டியா? 'செட்டியார்' கடைசிப் பெயரான கதை

முகப்பு (தேவகோட்டை)

என் மகன் குடும்பத்தோடு ஆஸ்திரேலியாவில் இருக்கிறான். அவனுடைய மகளுக்குப் பள்ளியில் ஒரு வேலை கொடுத்திருக்கிறார்கள்: உன் குடும்பப் பெயருக்கு என்ன பொருள், அது எங்கிருந்து வந்தது என்று எழுதி வர வேண்டும். கடவுச்சீட்டில் அவளுடைய கடைசிப் பெயர் 'செட்டியார்'. வகுப்பில் வருகைப் பதிவு எடுக்கும்போதும் அந்தப் பொடிசை அப்படித்தான் அழைக்கிறார்களாம். "ஐயா, செட்டியார் என்றால் என்ன?" என்று தொலைபேசியில் கேட்டாள். வியாபாரி என்றேன். "நம் வீட்டில் யார் வியாபாரம் செய்கிறார்கள்?" என்று திருப்பிக் கேட்டாள். அவள் அப்பன் கணினி வேலை பார்க்கிறான், நான் ஓய்வுபெற்ற ஆசிரியன்.

தேடிப் பார்த்ததில் இரண்டு பதில்கள் கிடைத்தன. சிக்கனத்தைக் குறிக்கும் 'செட்டு' என்ற சொல்லிலிருந்து வந்தது என்கிறது ஒன்று. 'சிரேஷ்டி' என்ற வடசொல் என்கிறது மற்றொன்று. எதை எழுதச் சொல்வது? இன்னொரு சிக்கலும் உண்டு. சிங்கப்பூரில் இருக்கும் என் தம்பி வீட்டாருக்குக் கடைசிப் பெயர் 'செட்டி'. ஒரே தகப்பனார் பிள்ளைகளுக்கு இரண்டு குடும்பப் பெயர்!

ஆத்தங்குடிக் கல் (காரைக்குடி)

இதில் என்ன சந்தேகம், ஐயா? செட்டுதான். கட்டும் செட்டுமாகக் குடித்தனம் நடத்துவது என்று இன்றும் சொல்கிறோம். எங்கள் அப்பத்தாள் சாமான் ஏட்டில் ஒரு கரண்டியைக்கூட விடமாட்டார்கள். எந்த அறையில், எந்த அடுக்கில், எத்தனை என்று எல்லாம் எழுத்தில் இருக்கும். கல்யாணத்துக்கு இரவல் போன பாத்திரம் திரும்பி வந்தால் ஏட்டைப் பார்த்து எண்ணித்தான் உள்ளே வைப்பார்கள். அப்படி வாழ்ந்தவர்களுக்குச் செட்டி என்று பெயர் வந்ததில் வியப்பில்லை. வில்லை உடையவன் வில்லி, செட்டை உடையவன் செட்டி. தமிழிலேயே வேர் இருக்கும்போது வடக்கே ஏன் போக வேண்டும்?

ஏட்டுச்சுவடி (புதுக்கோட்டை)

காரைக்குடி அண்ணன் சொன்ன இலக்கணம் சரி. 'செட்டு' என்பதோடு 'இ' சேர்ந்தால் 'செட்டி' கிடைக்கும். ஆனால் கிடைக்கும் என்பதாலேயே அப்படித்தான் வந்தது என்று ஆகிவிடாது. இந்தச் சொல் தமிழ்நாட்டுக்குள் மட்டும் இருந்தால் செட்டு என்பதை ஒப்புக்கொள்ளலாம். அது இந்தியா முழுவதும் பரவிக் கிடக்கிறதே!

பாலி மொழி நூல்களில் புத்தருக்கு ஜேதவனத்தை வாங்கிக் கொடுத்த அநாதபிண்டிகர் ஒரு 'ஸேட்டி'. நகரத்தின் பெருவணிகர், வணிகர்களின் தலைவர் என்று அதற்குப் பொருள். வடமொழி 'சிரேஷ்டின்' பிராகிருதத்தில் அப்படித் தேய்ந்தது. ஷகரமும் டகரமும் சேர்ந்து வந்தால் தமிழில் இரட்டை டகரம் ஆகும். துஷ்டன் துட்டன் ஆனான், நிஷ்டை நிட்டை ஆயிற்று. அதே வழியில் வந்ததுதான் செட்டி. இந்தி, குஜராத்தி பேசுகிறவர்களிடம் அதுவே 'சேட்'. நம் ஊரில் நகை அடகுக்கடை வைத்திருக்கும் வடநாட்டுக்காரரை 'சேட்டு' என்கிறோம் அல்லவா? செட்டியாரும் சேட்டும் ஒரே சொல்லின் இரண்டு கிளைகள். இருவரும் அதை ஒப்புக்கொள்வார்களா என்பது வேறு விஷயம்.

செட்டு என்பதைப் பொறுத்தவரை என் முடிவு நேர் எதிர். செட்டி என்ன செய்கிறானோ அதுதான் செட்டு. முதலில் வணிகம் என்ற பொருள், பிறகு கணக்காக இருப்பது, கடைசியில் சிக்கனம். செட்டியிடமிருந்துதான் செட்டு பிறந்திருக்க வேண்டும்.

ஆத்தங்குடிக் கல்

உங்கள் வாதம் எனக்கு உடன்பாடில்லை. வடமொழியில் இருப்பதாலேயே ஒரு சொல் வடசொல் ஆகிவிடுமா? அங்கிருந்து இங்கே வந்ததுபோல இங்கிருந்து அங்கேயும் போயிருக்கலாம். எட்டுதல் என்றால் உயர்தல். எட்டி என்றால் உயர்ந்தவன். எட்டிதான் செட்டி ஆயிற்று என்று தனித்தமிழ் அறிஞர்கள் விளக்கம் சொல்லியிருக்கிறார்கள். சோழர் காலத்தில் வணிகருக்கு அரசன் கொடுத்த பட்டமே 'எட்டி'.

வளவு (கோனாபட்டு)

எட்டியா? எட்டி பழுத்தென்ன, ஈயாதார் வாழ்ந்தென்ன என்று அந்த மரத்தை வைத்துத்தான் பழமொழியே இருக்கிறது. கஞ்சத்தனத்துக்கு நம்மைக் கேலி செய்கிறவர்களுக்கு இது தெரிந்தால் போதும், வேறு வினை வேண்டாம்.

ஏட்டுச்சுவடி

கோனாபட்டுத் தங்கச்சி சொல்வது காஞ்சிரை மரம். பட்டமான எட்டி வேறு சொல், பயப்பட வேண்டாம்.

பட்டமான எட்டிக்கு வருகிறேன், ஏனென்றால் இந்த விவாதத்திலேயே சுவையான இடம் அதுதான். சிலப்பதிகாரத்தில் 'எட்டி சாயலன்' என்று ஒரு வணிகன் வருகிறான். மணிமேகலையில் 'எட்டிகுமரன்' வருகிறான். உதயகுமரன் தேரில் போகும்போது, மாளிகையில் யாழைத் தழுவிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் அந்தப் பையன்தான். அதே மணிமேகலையில், பீலிவளை தன் குழந்தையை ஒரு வணிகனின் கப்பலில் ஏற்றி அனுப்புகிறாளே, அந்த வணிகனுக்குப் பெயர் 'கம்பளச் செட்டி'. ஆக, ஒரே காப்பியத்தில் எட்டியும் இருக்கிறான், செட்டியும் இருக்கிறான்.

எட்டி முதலில் வந்து பிறகு சகரம் ஏறிச் செட்டி ஆனது என்பது உங்கள் கட்சி. நான் மாற்றிச் சொல்வேன். வடக்கிலிருந்து வந்த சொற்களில் முதல் சகரம் உதிர்வது பழந்தமிழில் வழக்கம். சிரமணர் தமிழில் சமணரும் ஆனார், அமணரும் ஆனார். சிராவணம் ஆவணி ஆயிற்று. எட்டியும் செட்டியும் அமணர், சமணர் போல ஒரு சொல்லின் இரண்டு வரவு. ஒன்று முன்னாலேயே வந்து சகரத்தை உதிர்த்துக்கொண்டது. மற்றது பின்னால் வந்து சகரத்தோடு நின்றுவிட்டது.

ஆத்தங்குடிக் கல்

நல்ல வாதம். ஆனால் எட்டி என்ற பட்டத்தோடு பொற்பூவும் நிலமும் கொடுத்தார்கள் என்று உரைகாரர்கள் சொல்கிறார்கள். அந்த அளவுக்கு வேரூன்றிய பட்டத்தைக் கடன் சொல் என்று தள்ள எனக்கு மனம் வரவில்லை. நான் என் கட்சியிலேயே இருக்கிறேன்.

உப்புக்காற்று (சென்னை)

மலையாளத்துச் 'சேட்டன்' இதே சொல்தானா? அண்ணன் என்றால் மூத்தவன், சிறந்தவன்... பொருந்துகிறதே.

ஏட்டுச்சுவடி

இல்லை. அது 'ஜ்யேஷ்ட', மூத்தவன். நம் ஊரில் மூதேவியைச் 'சேட்டை' என்பதும் அதே வேர்தான். ஒலி நெருங்கி வந்தால் உறவு என்று நினைக்கக் கூடாது.

கொழும்புக்காரி

இலங்கையிலிருந்து ஒரு சிறு சரடு. சிங்களத்தில் நம் செட்டி 'ஹெட்டி' ஆகிவிட்டார். அங்கே சகரம் ஹகரமாவது வழக்கம். ஹெட்டியாராச்சி என்று சிங்களக் குடும்பப் பெயர் உண்டு. அதைத் தாங்குகிறவர்களில் பலருக்கு அதன் முற்பாதி எங்கள் செட்டியார் தெருவோடு உறவுடையது என்று சொன்னால் ஆச்சரியப்படுவார்கள். கொழும்புச் செட்டிகள் என்று தனிச் சமூகமே இருக்கிறது. அவர்களில் பெரும்பாலோர் கிறிஸ்தவர்கள். கற்பிட்டியில் பிறந்து, தமிழ்ப் புலவர்களின் வரலாற்றை 1859இல் ஆங்கிலத்தில் வெளியிட்ட சைமன் காசிச்செட்டியின் பெயரிலும் கடைசியில் அதே செட்டிதான். செட்டிநாட்டாருக்கும் அவருக்கும் சொந்தமில்லை.

கடல் தாண்டியவன் (கோலாலம்பூர்)

இதையேதான் நானும் சொல்ல வந்தேன். மலாக்காவில் 'சிட்டி' மக்கள் இருக்கிறார்கள். சுல்தான்கள் காலத்தில் வந்து உள்ளூர்ப் பெண்களை மணந்த தமிழ் வணிகர்களின் வழிவந்தவர்கள். பேச்சு மலாய், கும்பிடுவது பிள்ளையாரையும் மாரியம்மனையும். அவர்களுடைய பொய்யாத விநாயகர் கோயில் 1781இல் எழும்பியது. நகரத்தார், அதாவது செட்டிநாட்டுச் செட்டியார்கள், சிங்கப்பூரில் தண்டாயுதபாணி கோயில் கட்டியது 1859இல்தான். தென்னாப்பிரிக்காவிலும் செட்டி என்ற குடும்பப் பெயர் நிறைய. 1860இல் டர்பனுக்குக் கப்பல் போகத் தொடங்கிய பிறகு கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாகப் போனவர்களின் சந்ததிகள் அதில் ஏராளம். வட்டிக்கடை முதலாளி என்று அவர்களை நினைத்தால் கோபித்துக்கொள்வார்கள்.

முகப்பு ஐயா பேத்திக்கு எழுதும்போது, செட்டி என்றாலே நகரத்தார் என்று எழுதிவிட வேண்டாம். தேவாங்கர் இருக்கிறார்கள், வாணியர் இருக்கிறார்கள், கோமுட்டிகள் இருக்கிறார்கள். விடுதலை இந்தியாவின் முதல் நிதி அமைச்சராக 1947 நவம்பரில் வரவுசெலவுத் திட்டம் படித்த சண்முகம் செட்டி கோயம்புத்தூர்க்காரர்.

உப்புக்காற்று

உடுப்பிப் பக்கத்து 'ஷெட்டி'யை விட்டுவிட்டீர்கள். அவர்களில் பெரும்பாலோர் பண்ட் சமூகம், நிலக்கிழார்கள். உழவும் நிலமும்தான் அவர்களுடைய பழைய தொழில். பட்டம் இருக்கிறது, கடை இல்லை. போர்த்துகீசியர் வேறு இந்தச் சொல்லை எடுத்துப்போய் 'சத்தீம்' என்று தங்கள் மொழியில் வைத்துக்கொண்டார்கள். அங்கே அதற்குப் பொருள் ஏமாற்று வியாபாரி. மிளகு விலையில் நம்மவர்கள் அவர்களை எப்படிப் படுத்தினார்களோ!

பழனிப் பாதை (குன்றக்குடி)

முருகனுக்கே செட்டி என்று பெயர் இருப்பதை யாரும் சொல்லவில்லையே. இறையனார் களவியல் என்ற அகப்பொருள் இலக்கண நூலுக்குச் சரியான உரை எது என்று சொல்ல வந்த ஊமைப்பிள்ளை உருத்திரசன்மனாக முருகனே மதுரை வணிகர் குலத்தில் பிறந்தான் என்பது கதை. தைப்பூசத்துக்கு நகரத்தார் காவடி குன்றக்குடியிலிருந்து பழனிக்கு நடக்கும்போது, போகிறவரும் செட்டி, பார்க்கப்போகிறவரும் செட்டி என்று எங்கள் ஐயா சிரிப்பார்கள்.

ஏட்டுச்சுவடி

கல்வெட்டையும் சொல்லிவிடுகிறேன். ஐந்நூற்றுவர் வணிகக் குழுவின் கல்வெட்டுப் புகழுரைகளில் செட்டிகளும் செட்டிபுத்திரர்களும் வரிசையாக வருகிறார்கள். செட்டிநாட்டுக்கு மிக அருகில், சிங்கம்புணரிக்குப் பக்கத்தில், பிரான்மலையில் 13ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டு ஒன்று இருக்கிறது. உப்பு, அரிசி, மிளகு, இரும்பு, நூல், சந்தனம் என்று எந்தச் சரக்குக்கு எவ்வளவு கோயிலுக்குக் கொடுப்பது என்று வணிகர்கள் கூடி எழுதி வைத்திருக்கிறார்கள். பிற்காலத்தில் நகரத்தார் வியாபாரத்திலிருந்து கோயிலுக்கென எடுத்து வைத்த மகமைக்கும் அதற்கும் நடுவே பெரிய வேறுபாடு எனக்குத் தெரியவில்லை. 'நகரத்தார்' என்ற பெயரும் அந்தக் காலத்து வணிகர் சபையான 'நகரம்' என்பதிலிருந்து வந்ததுதான்.

வளவு

வேர் எங்கே போனாலும் போகட்டும். 'ஆர்' எங்கே என்று கேட்கிறேன். செட்டி என்பதோடு 'ஆர்' சேர்ந்தால் மரியாதை. மரியாதையைப் பிறர்தான் தர வேண்டும். எங்கள் வீட்டுப் பழைய பத்திரங்களில் கையெழுத்துப் போட்டவர் தன்னைச் 'செட்டி' என்றுதான் எழுதியிருக்கிறார். அவருக்கு வந்த கடிதத்தின் மேல் 'செட்டியார் அவர்கள்'. தேவகோட்டை ஐயா, உங்கள் தம்பி தம் பெயரைத் தாமே எழுதிக் கொடுத்திருப்பார், உங்கள் மகனுக்கு வேறு யாரோ எழுதிக் கொடுத்திருப்பார்கள். அதுதான் வித்தியாசமாக இருக்கும்.

இன்னொன்று. பெண்களுக்கு இந்தப் பெயர் எங்கள் ஊரில் இருந்ததே இல்லை. ஆச்சிகளுக்கு 'ஆச்சி'தான். மீனாட்சி ஆச்சி, உமையாள் ஆச்சி. ஒரு பெண்பிள்ளையைச் செட்டியார் என்று அழைப்பது கடல் கடந்த பிறகு வந்த வேடிக்கை.

முகப்பு

வளவு ஆச்சி சொன்னது மனத்தில் பட்டது. என் மகனுக்கு விண்ணப்பம் நிரப்பிக் கொடுத்தவர் பயண முகவர். 'கடைசிப் பெயர் கட்டாயம் வேண்டும்' என்று சொல்லி அவரே எழுதினார்.

பர்மாத் தேக்கு (கானாடுகாத்தான்)

நீங்கள் எல்லாரும் செட்டியார் என்ற பெயருக்கு வேர் தேடுகிறீர்கள். செட்டிநாட்டில் அது ஒருவனுக்கு அடையாளமாக இருந்ததா என்று யாரும் கேட்கவில்லை. நூறு செட்டியார் இருக்கும் ஊரில் 'செட்டியாரே' என்று கூப்பிட்டால் யார் திரும்புவார்? எங்களுக்கு அடையாளம் விலாசம்.

விலாசம் என்றால் மற்றவர்களுக்குத் தபால்காரர் பார்க்கும் கதவு எண்ணும் தெருவும். நகரத்தாருக்கு அது பெயருக்கு முன்னால் நிற்கும் எழுத்துகள். பாட்டனார் பெயரைப் பேரனுக்கு வைப்பது வழக்கம். அதனால் ஒரே ஊரில் பத்து ராமநாதன், பதினைந்து மெய்யப்பன். இவர்களைப் பிரிக்க முன்னோர் பெயர்களைச் சுருக்கி அடுக்கினார்கள். ஓர் எழுத்து போதாது. 'ரா' என்று நிறுத்தினால் ராமநாதனா, ராமசாமியா? அதனால் ராம., பழ., சித., கரு., லெ. என்று ஓரெழுத்தும் ஈரெழுத்துமாக நறுக்கினார்கள். ஆங்கிலத்தில் எழுதும்போது அவை ஆர்எம், பிஎல், சிடி என்று ஆயின. வெளியூர்க்காரர்கள் இதைப் பார்த்து ரயில் வண்டி போல நீள்கிறதே என்பார்கள்.

எங்கள் ஊர் அரண்மனையையே எடுத்துக்கொள்ளுங்கள். 1929இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் உருவாக முன்நின்றவர் சா.ராம.மு. அண்ணாமலை செட்டியார். சாத்தப்பர், ராமநாதர், முத்தையா என்று மூன்று தலைமுறை அவருக்கு முன்னால் நிற்கிறது. அவருடைய மகன் மு.அ. முத்தையா செட்டியார். பாட்டனார் பெயரே பேரனுக்கு வந்துவிட்டது, பாருங்கள். அவருக்குப் பின் மு.அ.மு. ராமசாமி. எழுத்துகளைப் படித்தால் வம்சம் வந்துவிடும். அந்த வரிசையில் செட்டியாருக்கு என்று ஓர் எழுத்து எங்கேயாவது இருக்கிறதா? கிடையாது.

வியாபாரத்தில் விலாசம் அதைவிடப் பெரிது. ரங்கூனிலும் பினாங்கிலும் கிட்டங்கியில், அதாவது கடை நடத்திய கட்டடத்தில், உட்கார்ந்து கடன் கொடுத்தது ஊரிலிருந்து அனுப்பப்பட்ட மேலாள் என்ற முகவர். பத்திரம் எழுதியது ஊரில் இருந்த முதலாளியின் விலாசத்தில். மேலாள் மூன்றாண்டுக் கணக்கை முடித்துக்கொண்டு ஊர் திரும்புவார், அடுத்தவர் வருவார், விலாசம் அப்படியே இருக்கும். ஹுண்டி என்ற பணச்சீட்டில் அந்த எழுத்துகளைப் பார்த்துத்தான் பணம் கொடுத்தார்கள். 1937இல் காரைக்குடி, சென்னை, ரங்கூன் மூன்று ஊரிலும் ஒரே நாளில் திறந்த இந்தியன் ஓவர்சீஸ் வங்கியை நிறுவிய எம்.சிடி.எம். சிதம்பரம் செட்டியாரை 'எம்.சிடி.எம்.' என்றே சொல்வார்கள். ஏ.வி.எம். நிறுவனமும் அப்படித்தான். ஆவிச்சி என்ற தகப்பனார் பெயரும் மெய்யப்பன் என்ற மகன் பெயரும் சேர்ந்து மூன்று எழுத்து. நெற்குப்பை எழுத்தாளர் 'சோமலெ'யின் பெயரைப் புனைபெயர் என்று பலர் நினைக்கிறார்கள். சோமசுந்தரம் மகன் லெட்சுமணன் என்பதை நறுக்கி ஒட்டியதுதான் அது.

பிள்ளை கூட்டிக்கொண்டால், அதாவது சுவீகாரம் வந்தால், விலாசமும் மாறும். பெற்றவர் எழுத்து போய்க் கூட்டிக்கொண்டவர் எழுத்து வரும். குடும்பப் பெயரின் வேலையை முழுதாகச் செய்தது இதுதான். செட்டியார் என்பது அதன் பின்னால் நின்ற மரியாதை. 1929 செங்கல்பட்டு சுயமரியாதை மாநாடு சாதிப் பட்டங்களை விடச் சொன்ன பிறகு நம்மவர்களிலும் பலர் அந்த வாலை எடுத்துவிட்டார்கள். எடுத்ததால் யாருக்கும் யாரும் குழம்பவில்லை, எழுத்துகள் இருந்தனவே. விலாசத்தை எடுத்துப் பாருங்கள், அன்றைக்கே தபால் மாறிப் போகும்.

இன்றைக்கு நடந்திருப்பது தலைகீழ். வெளிநாட்டு விண்ணப்பத்தில் விலாசத்துக்குக் கட்டம் இல்லை. கடைசிப் பெயருக்குக் கட்டம் இருக்கிறது. அதனால் அடையாளமாக இருந்தது உதிர்ந்துபோயிற்று, ஒட்டிக்கொண்டிருந்தது குடும்பப் பெயர் ஆகிவிட்டது. 2022 நவம்பரில் ஐக்கிய அரபு அமீரகம் கடவுச்சீட்டில் ஒற்றைப் பெயர் இருந்தால் நுழைய விடமாட்டோம் என்று சொன்னபோது எத்தனை பேர் அவசரமாக ஏதோ ஒரு பின்பெயரைத் தேடினார்கள் என்று எண்ணிப் பாருங்கள்.

ஆத்தங்குடிக் கல்

இதை ஒப்புக்கொள்கிறேன், கானாடுகாத்தான் அண்ணன். ஆனால் விலாசத்திலும் ஊர் ஊராக வேறுபாடு உண்டு. எங்கள் பக்கத்தில் 'சு' சுப்பையாவுக்கும் சுப்பிரமணியத்துக்கும் பொது.

முகப்பு

பேத்திக்கு எங்கள் விலாசத்தை எழுதி அனுப்பிவிட்டேன். ஒவ்வோர் எழுத்துக்கும் ஒரு வரி. செட்டி வடசொல் வழி வந்தது என்பதே பெரும்பாலான அறிஞர்கள் கருத்து, தமிழ் வேர் என்போரும் உண்டு என்று கடைசியில் சேர்த்தேன். காரைக்குடி அண்ணனுக்கு மனக்குறை வேண்டாம்.

இரண்டாங்கட்டு (பள்ளத்தூர்)

நான் இதுவரை படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். பர்மாத் தேக்கு அண்ணன் எழுதியதைப் பார்த்து எங்கள் விலாசத்தை எடுத்துப் பார்த்தேன். அரு.வெ.மெ. என்று தொடங்குகிறது. அரு. அருணாசலம், மெ. மெய்யப்பன். நடுவில் இருக்கும் 'வெ' யார் என்று அப்பச்சிக்கும் (அப்பாவுக்கும்) தெரியவில்லை. வெங்கடாசலம் என்று ஒருவர் சொல்கிறார், வெள்ளையன் என்று ஒருவர். இரண்டும் நம் பக்கத்துப் பெயர்கள்தான். எங்கே பார்ப்பது?

பர்மாத் தேக்கு

உங்கள் கோயில் எது, மாத்தூரா, இளையாத்தங்குடியா? நகரத்தார் பிரிவுகளுக்கு உரிய ஒன்பது கோயிலில் எதுவாக இருந்தாலும் அங்கே புள்ளிக் கணக்கு இருக்கும். கல்யாணமான ஒவ்வொரு தம்பதியும் ஒரு புள்ளி. பழைய ஏடு கிடைத்தால் முழுப்பெயரே இருக்கலாம். அதற்கு முன் வீட்டுப் பெட்டகத்தில் இசைகுடிமான ஓலை, அதாவது கல்யாண ஒப்பந்த ஓலை, ஏதாவது கிடக்கிறதா என்று பாருங்கள், அப்பச்சியின் ஐயா கல்யாணத்துது கிடைத்தால் நல்லது.

இரண்டாங்கட்டு

இலுப்பைக்குடி. பெட்டகச் சாவி சென்னையில் சித்தப்பாவிடம் இருக்கிறது. அவர் வெங்கடாசலம் கட்சி.

வளவு

அப்படியானால் வெள்ளையன் கட்சிக்காரரையும் கூட்டிக்கொண்டு போய்த் திறங்கள்.